60 நாள் நோட்டீஸ்

1969 ஜூன் 22, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், கிளீவ்லாந்து நகரத்தின் நடுவே ஓடும் கயஹோகா ஆறு தீப்பிடித்தது. தண்ணீர்மேல் படிந்திருந்த எண்ணெயும் மிதந்துவந்த குப்பையும்தான் எரிந்தன. அரை மணி நேரத்துக்குள் அணைத்துவிட்டார்கள். ரயில் பாலங்கள் இரண்டு சேதமாயின, நஷ்டம் சுமார் 50,000 டாலர். உள்ளூர்ப் பத்திரிகைகள்கூட அதைப் பெரிய செய்தியாக எடுத்துக்கொள்ளவில்லை. யாரும் படம் எடுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆகஸ்டில் 'டைம்' இதழ் இதைப் பற்றி எழுதியபோது போட்ட படம், 1952-ல் அதே ஆறு எரிந்தபோது எடுத்தது.

ஆறு எரிந்தது, நாடு விழித்துக்கொண்டது, மூன்று வருடத்தில் சட்டம் வந்தது என்று இந்தக் கதையைச் சுருக்கிச் சொல்வது வழக்கம். எனக்கு அதில் சம்மதம் இல்லை. கயஹோகா 1868-லிருந்து குறைந்தது பத்து தடவையாவது எரிந்திருக்கிறது. 1912-ல் பற்றிய தீயில் ஐந்து பேர் இறந்தார்கள். 1952-ல் நஷ்டம் பத்து லட்சம் டாலரைத் தாண்டியது. அப்போதெல்லாம் எந்தச் சட்டமும் வரவில்லை. 1969-ல் எரிந்தது சின்னத் தீ. ஆனால் அதற்கு ஏழு மாதம் முன்பே கிளீவ்லாந்து மக்கள் ஒரு காரியம் செய்திருந்தார்கள். 1968 நவம்பரில் நடந்த வாக்கெடுப்பில், தண்ணீரைச் சுத்தப்படுத்த நகரம் 10 கோடி டாலருக்குக் கடன் பத்திரம் வெளியிடலாம் என்று வாக்களித்திருந்தார்கள். கடனை அடைக்கப்போவது தங்கள் பணம்தான் என்று தெரிந்தே போட்ட ஓட்டு அது.

தீ அணைந்த மறுநாள், மேயர் கார்ல் ஸ்டோக்ஸ் செய்தியாளர்களை ஆற்றங்கரைக்கே அழைத்துப்போனார். அவருடைய புகார் மிகத் தெளிவானது. ஆற்றில் கழிவை விட ஆலைகளுக்கு அனுமதி தருவது மாநில அரசு. நகரத்தால் எதையும் தடுக்க முடியாது. மக்கள் காசு கொடுக்கத் தயார், நகரம் வேலை செய்யத் தயார், ஆனால் குழாயை மூடச் சொல்லும் அதிகாரம் வேறு யாரிடமோ இருக்கிறது. சுத்தமான தண்ணீருக்காக உலகத்தில் எங்கே போராட்டம் நடந்தாலும், கொஞ்ச தூரம் போனதும் இந்தச் சுவரில்தான் வந்து முட்டுகிறது.

அப்போது சட்டமே இல்லாமல் இல்லை. 1965-ல் வந்த ஒரு சட்டம், ஆற்று நீர் எவ்வளவு சுத்தமாக இருக்க வேண்டும் என்று மாநிலங்கள் அளவு நிர்ணயிக்கச் சொன்னது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு ஆற்றங்கரையில் இருபது ஆலைகள் இருந்தால், தண்ணீர் கெட்டுப்போனதற்கு யார் பொறுப்பு? ஒவ்வொருவரும் பக்கத்து ஆலையைக் கை காட்டுவார்கள். இந்த ஆலையின் கழிவுதான் இந்த இடத்தில் இந்தக் கேட்டை உண்டாக்கியது என்று அரசு நிரூபிக்க வேண்டும். அது நடக்கிற காரியமா?

1972-ல் வந்த சுத்த நீர்ச் சட்டம் இந்தக் கணக்கைத் தலைகீழாகத் திருப்பியது. ஆற்றின் நிலைமையைப் பார்ப்பதற்கு முன்னால் குழாயின் வாயைப் பார் என்றது. குழாய் வழியாக ஆற்றில் எதை விட்டாலும் குற்றம், அனுமதி இருந்தால் ஒழிய. அந்த அனுமதிச் சீட்டில் எந்தப் பொருள் எவ்வளவு போகலாம் என்று எண்ணிக்கையில் எழுதியிருக்கும். இருக்கிற தொழில்நுட்பத்தால் எவ்வளவு குறைக்க முடியுமோ அதுதான் அளவு. அதைத் தாண்டினால் மீறல். மீன் செத்ததா, யாருக்கு நோய் வந்தது என்று நிரூபிக்க வேண்டிய அவசியமே இல்லை.

அதிபர் நிக்சன் இந்தச் சட்டத்தை ரத்து அதிகாரத்தால் தடுத்தார். 2,400 கோடி டாலர் செலவு, நாடு தாங்காது என்பது அவர் வாதம். மறுநாளே, 1972 அக்டோபர் 18-ல், இரண்டு அவைகளும் பெரும் பெரும்பான்மையுடன் அவரை மீறிச் சட்டத்தை நிறைவேற்றின. செனட்டில் 52-க்கு 12, கீழவையில் 247-க்கு 23. அவருடைய கட்சிக்காரர்கள் பலரே அவருக்கு எதிராக ஓட்டுப் போட்டார்கள். அப்புறமும் நிக்சன் விடவில்லை, ஒதுக்கிய பணத்தில் ஒரு பெரிய பங்கை விடுவிக்காமல் நிறுத்திவைத்தார். நியூயார்க் நகரம் வழக்குப் போட, 1975-ல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் கட்டும் செலவில் 75 சதவீதத்தை மத்திய அரசு ஏற்றுக்கொண்டதால்தான் நகரங்களால் அந்தச் சட்டத்தைக் கடைப்பிடிக்க முடிந்தது. பணம் இல்லாமல் உத்தரவு மட்டும் போடும் சட்டங்கள் என்ன ஆகின்றன என்று நமக்குத் தெரியாதா என்ன.

இந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது 505-ஆம் பிரிவு. ஆலை தன் கழிவுநீரைத் தானே சோதித்து, முடிவைக் குறித்த காலத்துக்கு ஒருமுறை அரசிடம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பொய்யாக எழுதினால் தண்டனை. அந்த அறிக்கையை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதில் மீறல் இருந்தும் அரசு கையைக் கட்டிக்கொண்டு நின்றால், பாதிக்கப்பட்ட எந்தக் குடிமகனும் 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு நேரடியாக நீதிமன்றத்துக்குப் போகலாம். இதுதான் 505. அந்த 60 நாள் எதற்கு? ஆலை தன் தவறைத் திருத்திக்கொள்ளட்டும், அல்லது அரசு நடவடிக்கை எடுக்கட்டும் என்பதற்காக. ஜெயித்தால் அபராதத் தொகை வழக்குப் போட்டவருக்குக் கிடைக்காது, அரசுக் கருவூலத்துக்குப் போகும். வழக்குச் செலவு மட்டும் திரும்பக் கிடைக்கலாம். ஆகவே பேராசையில் வழக்குப் போடுகிறார்கள் என்று யாரும் சொல்ல முடியாது.

பத்து வருடம் இந்தப் பிரிவை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1980-களின் தொடக்கத்தில் அரசின் பிடி தளர்ந்தபோதுதான் சுற்றுச்சூழல் அமைப்புகள் அரசு அலுவலகங்களில் உட்கார்ந்து ஆலைகளின் அறிக்கைகளைப் புரட்ட ஆரம்பித்தன. அனுமதித்த அளவு இவ்வளவு, நீங்களே எழுதிக் கொடுத்த அளவு இவ்வளவு. ஆலையின் கையெழுத்தே சாட்சி. அதற்குமேல் வாதாட என்ன இருக்கிறது? பல வழக்குகள் விசாரணைக்கே போகாமல் முடிந்தன. 1987-ல் உச்ச நீதிமன்றம் ஒரு கடிவாளம் போட்டது: முழுக்க முடிந்துபோன பழைய மீறலுக்காக வழக்குப் போட முடியாது, மீறல் தொடர வேண்டும் என்று. இருந்தும் கதவு திறந்தேதான் இருந்தது.

இந்தியாவிலும் அதே 60 நாள் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 1974-ல் வந்த நீர் மாசுத் தடுப்புச் சட்டப்படி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் புகார் கொடுத்தால், அல்லது எழுத்தில் அனுமதி தந்தால்தான் நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொண்டது. வாரியம் சும்மா இருந்தால் அந்தச் சட்டப்படி யாரும் எதுவும் செய்ய முடியாமல் இருந்தது. 1988-ல் 49-ஆம் பிரிவைத் திருத்தி, எந்த நபரும் வாரியத்துக்கு 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் புகார் செய்யலாம் என்று சேர்த்தார்கள். புகார் கொடுப்பவர் கேட்டால், தன்னிடம் இருக்கும் அறிக்கைகளை வாரியம் கொடுக்க வேண்டும். பொது நலனுக்குக் கேடு என்று கருதினால் மட்டும் மறுக்கலாம். இத்தனை வலுவான பிரிவு, எழுதிய அளவுக்கு எடுத்துப் பயன்படுத்தப்படவில்லை என்பதுதான் என் வருத்தம். பெரும்பாலான போராட்டங்கள் ரிட் மனுவோடு உயர் நீதிமன்றத்துக்கோ உச்ச நீதிமன்றத்துக்கோதான் போகின்றன.

அப்படிப் போன ஒன்றுதான் பாலாற்றங்கரைத் தோல் ஆலைகள் மீது 1991-ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கு. 1996 ஆகஸ்ட் 28-ல் வந்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பதையும், கேடு வரும் என்ற சந்தேகம் இருந்தால் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்பதையும் நாட்டின் சட்டம் என்றே அறிவித்தது. தன் செயல் கேடு விளைவிக்காது என்று நிரூபிக்கும் பொறுப்பையும் ஆலையின் தலையிலேயே வைத்தது. தீர்ப்பை நிதானமாகப் படித்தால் ஒரு இடத்தில் கண் நிற்கும். திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் ஒரு தொண்டு அமைப்பு கிணறு கிணறாகப் போய்க் கணக்கெடுத்திருக்கிறது. குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன. நாட்டின் உச்ச நீதிமன்றம் அந்த எண்ணைத் தன் தீர்ப்பில் எழுதிக்கொண்டது. இத்தனைக்கும் அப்புறம், 2025 ஜனவரியில் அதே பாலாற்றுக்காக உச்ச நீதிமன்றம் மறுபடி ஒரு விரிவான தீர்ப்பு கொடுக்க வேண்டியிருந்தது. இழப்பீடு போய்ச் சேரவில்லை, ஆறும் மீளவில்லை. நீதிமன்றத்தில் ஜெயிப்பது பாதி வேலைதான்.

மக்கள் தாங்களே அளந்து பார்ப்பதற்கு என்ன சக்தி இருக்கிறது என்று யாராவது கேட்டால் நான் ஃபிளிண்ட் நகரத்தைத்தான் சொல்வேன். மிச்சிகன் மாநிலத்தில் அப்போது சுமார் ஒரு லட்சம் பேர் வாழ்ந்த ஊர். கடனில் மூழ்கியதால், தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தின் அதிகாரத்தை எடுத்து, மாநில அரசு நியமித்த அவசரகால நிர்வாகியின் கையில் கொடுத்திருந்தார்கள். 2014 ஏப்ரலில், செலவைக் குறைக்க, டெட்ராய்டிலிருந்து வந்துகொண்டிருந்த ஏரித் தண்ணீரை நிறுத்திவிட்டு ஃபிளிண்ட் ஆற்றுத் தண்ணீருக்கு மாற்றினார்கள். ஆற்று நீர் குழாயை அரிக்கும் தன்மை உடையது. அரிப்பைத் தடுக்கப் பாஸ்பேட் கலப்பது வழக்கமான முறை. அதைக் கலக்கவில்லை. பழைய ஈயக் குழாய்களிலிருந்து ஈயம் கரைந்து வீட்டுக் குழாய்க்கு வந்தது.

தண்ணீர் பழுப்பாக இருக்கிறது, நாறுகிறது, தோல் தடிக்கிறது என்று மக்கள் பாட்டிலில் பிடித்துக்கொண்டுவந்து கூட்டங்களில் காட்டினார்கள். ஒன்றும் இல்லை என்றார்கள் அதிகாரிகள். அக்டோபரில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை, இந்தத் தண்ணீர் இன்ஜின் பாகங்களை அரிக்கிறது என்று சொல்லி வேறு இடத்துத் தண்ணீருக்கு மாறிக்கொண்டது. இரும்புக்கு ஆகாத தண்ணீரைக் குழந்தைகள் இன்னும் ஒரு வருடம் குடித்தார்கள். இதை எழுதும்போது கை நடுங்குகிறது. 2015 மார்ச்சில் நகர மன்றம் 7-க்கு 1 என்று பழைய தண்ணீருக்கே திரும்ப வாக்களித்தது. அவசரகால நிர்வாகி அதை ஏற்கவில்லை. மக்கள் பிரதிநிதிகளின் வாக்குக்கு அங்கே சட்ட பலமே இல்லை.

அரசு சோதித்துத்தான் பார்த்தது. எப்படிச் சோதித்தது என்பதுதான் விஷயம். மாதிரி எடுப்பதற்கு முந்தின இரவு குழாயைச் சில நிமிடம் நன்றாகத் திறந்துவிடுங்கள் என்று வீட்டுக்காரர்களிடம் சொன்னார்கள். இரவெல்லாம் குழாயில் தேங்கிக் கிடக்கும் நீரில்தான் ஈயம் ஏறும். முதல் நாளே கழுவிவிட்டால் எண் குறையத்தானே செய்யும். அப்படியும் நகரத்தின் அளவு, லிட்டருக்கு 15 மைக்ரோகிராம் என்ற அபாயக் கோட்டைத் தாண்டியது. 71 மாதிரிகளில் இரண்டை மாநில அதிகாரிகள் நீக்கச் சொன்னார்கள். எண் கோட்டுக்குக் கீழே இறங்கியது. நீக்கியதில் ஒன்று, குழந்தைகளுக்கு உடல்நலம் கெட்டதால் விடாமல் கேள்வி கேட்டுக்கொண்டிருந்த ஒரு தாயின் வீட்டு மாதிரி. அவர் வீட்டில் முதலில் 104, அப்புறம் 397 என்று வந்திருந்தது. வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் எட்வர்ட்ஸ் குழு சோதித்தபோது ஒரு மாதிரியில் 13,200. கழிவு 5,000-ஐத் தாண்டினாலே அதை அபாயகரக் கழிவு என்று அமெரிக்கச் சட்டம் வகைப்படுத்தும்.

2015 ஆகஸ்டில் அந்தக் குழு 300 பெட்டிகளை ஃபிளிண்டுக்கு அனுப்பியது. ஊர்க்காரர்களே வீடு வீடாகப் போய், எப்படிப் பிடிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்து, சில வாரங்களில் சுமார் 270 மாதிரிகளைத் திரட்டிவிட்டார்கள். செப்டம்பரில் ஊர் மருத்துவமனையின் குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா-அட்டிஷா, குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் கூடியிருப்பதை எண்களோடு வெளியிட்டார். முதலில் அவரையும் மட்டம் தட்டத்தான் பார்த்தார்கள். அக்டோபர் 16-ல் பழைய தண்ணீர் திரும்பியது. 18 மாதம் புலம்பியும் அசையாதவர்கள், முறைப்படி பிடித்த சில நூறு பாட்டில்களுக்கு அசைந்தார்கள்.

கதை அங்கே முடியவில்லை. ஈயக் குழாய்கள் இன்னும் மண்ணுக்குள்தான் இருந்தன. அமெரிக்காவின் பாதுகாப்பான குடிநீர்ச் சட்டத்திலும் குடிமக்கள் வழக்குப் போடும் அதே 60 நாள் பிரிவு இருக்கிறது. ஊர்ப் பாதிரிமார்கள் அமைப்பும் இன்னும் சிலரும் அதன்படி 2016-ல் வழக்குப் போட்டார்கள். 2017 மார்ச்சில் உடன்பாடு: குறைந்தது 18,000 வீடுகளின் குழாய்களைத் தோண்டிப் பார்த்து, ஈயக் குழாய்களை இலவசமாக மாற்ற வேண்டும், 2020-க்குள் முடிக்க வேண்டும். நகரம் முடிக்கவில்லை. வழக்குப் போட்டவர்கள் மறுபடி மறுபடி நீதிமன்றப் படியேறினார்கள். 2024-ல் நீதிபதி நகர நிர்வாகத்தின் மீது நீதிமன்ற அவமதிப்பு என்றே தீர்ப்பளித்தார். சுமார் 11,000 குழாய்களை மாற்றி வேலை முடிந்தது 2025-ல்தான். 2024 அக்டோபரில் நாடு முழுவதும் ஈயக் குழாய்களைப் பத்து வருடத்தில் மாற்ற வேண்டும் என்றும், அபாயக் கோட்டை 15-லிருந்து 10 ஆக்க வேண்டும் என்றும் விதி வந்ததற்குப் பின்னால் ஃபிளிண்ட் மக்களின் அந்தப் பாட்டில்கள் இருக்கின்றன.

சட்டத்தின் ஓட்டையையும் சொல்லியாக வேண்டும். 1972-ன் சட்டம் குழாயைப் பிடித்தது, வயலைப் பிடிக்கவில்லை. மழையில் அடித்துக்கொண்டு வரும் உரமும் சாணமும் அனுமதிச் சீட்டுக்குள் வராது. 2014 ஆகஸ்டில் ஒஹாயோவின் டொலிடோ நகரத்தில் சுமார் நான்கைந்து லட்சம் பேரிடம் குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள் என்று சொன்னார்கள். பண்ணைகளிலிருந்து வந்த பாஸ்பரஸால் ஈரீ (Erie) ஏரியில் பாசி பொங்கி நஞ்சு உண்டாகியிருந்தது. அந்த நஞ்சு கொதிக்கவைத்தால் போகாது, நீர் ஆவியாக ஆக இன்னும் செறியும். பொறுமையிழந்த மக்கள் 2019-ல் ஏரிக்கே சட்ட உரிமை உண்டு என்று வாக்கெடுப்பில் நிறைவேற்றினார்கள். வாசகம் தெளிவாக இல்லை என்று சொல்லி அடுத்த வருடமே நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அந்த மக்களின் ஆத்திரம் நியாயமானது. ஆனால் எண்ணும் எல்லையும் இல்லாத சட்டம் நீதிமன்றத்தில் நிற்காது.

வயலிலிருந்து வரும் கேட்டுக்கு வழியே இல்லையா? நியூயார்க் ஒன்றைக் காட்டியது. அந்த நகரத்தின் குடிநீரில் சுமார் 90 சதவீதம் கேட்ஸ்கில், டெலவேர் மலைப்பகுதிகளிலிருந்து வடிகட்டப்படாமலே வருகிறது. வடிகட்டும் நிலையம் கட்ட 600 கோடி டாலருக்கு மேல் ஆகும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். முதலில் நகரம் மலைக்காரர்கள் மீது விதிகளை மட்டும் திணிக்கப் பார்த்தது; அவர்கள் கொதித்தெழுந்தார்கள். அப்புறம்தான் உட்கார்ந்து பேசி 1997-ல் ஒப்பந்தம் போட்டார்கள். விற்க விருப்பமுள்ளவர்களிடம் மட்டும் நிலம் வாங்குவது, பண்ணைகளில் கழிவு ஓடைக்குப் போகாமல் தடுக்க நகரமே காசு கொடுப்பது, பழுதான செப்டிக் டேங்குகளைச் சரிசெய்வது. மேட்டில் இருப்பவரைக் குற்றவாளியாக்காமல் கூட்டாளியாக்கிய ஏற்பாடு.

செயலில் இறங்க விரும்புகிறவர்களுக்கு ஒரு நுணுக்கம். ஆலையின் அனுமதி நிரந்தரம் கிடையாது. அமெரிக்காவில் அதிகபட்சம் ஐந்து வருடம். புதுப்பிக்கும்போது வரைவை வெளியிட்டு, குறைந்தது 30 நாள் மக்கள் கருத்துக்குத் திறந்துவைக்க வேண்டும். முக்கியமான ஒவ்வொரு ஆட்சேபத்துக்கும் அதிகாரிகள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் எழுப்பாத ஆட்சேபத்தைப் பின்னால் மேல்முறையீட்டில் கிளப்ப முடியாது. ஆயிரம் பேர் ஒரே வாசகத்தில் கையெழுத்திட்ட மனுவுக்கு ஒரே பதில் போதும். "இந்த ஆலையின் அறிக்கையில் இந்த மாதம் குரோமியம் இவ்வளவு, பழைய அனுமதியில் இவ்வளவு, புதிய வரைவில் அளவை ஏன் தளர்த்துகிறீர்கள்?" என்று ஒருவர் கேட்டால் அதற்குத் தனியாகப் பதில் எழுதியே ஆக வேண்டும். இந்தியாவில் இதற்கு நேரான சீட்டு வாரியம் தரும் இசைவாணை. அதன் நகலையும் சோதனை அறிக்கைகளையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கலாம். ஊர்வலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஊர்வலம் போகிறவர் கையில் அந்தச் சீட்டின் நகலும் இருக்கட்டும் என்கிறேன்.

ஒருமுறை கிடைத்த பாதுகாப்பு அப்படியே நிற்பதும் இல்லை. 2023 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சாக்கெட் வழக்கில், சதுப்பு நிலங்களில், ஆறுகளோடும் ஏரிகளோடும் மேற்பரப்பில் தொடர்ச்சியாக இணைந்திருப்பவற்றுக்கு மட்டும்தான் 1972 சட்டம் பொருந்தும் என்றது. ஏராளமான சதுப்பு நிலங்கள் ஒரே நாளில் காவல் இல்லாமல் நின்றன. மறு வருடம் கொலராடோ தன் மாநிலச் சட்டத்தால் அந்த இடைவெளியை அடைத்தது. இந்தியாவில் 2024-ல் வந்த திருத்தம், நீர்ச் சட்டத்தின் பல மீறல்களுக்குச் சிறைத்தண்டனையை எடுத்துவிட்டு 10,000 ரூபாயிலிருந்து 15 லட்சம் வரை அபராதம் என்று மாற்றியது. ஒரு பெரிய ஆலைக்கு 15 லட்சம் எவ்வளவு வலிக்கும்?

கயஹோகாவில் இப்போது மீன் இருக்கிறது. பிடிக்கும் மீனைச் சாப்பிடலாம் என்று 2019 மார்ச்சில், தீப்பிடித்த ஐம்பதாவது வருடத்தில், அறிவித்தார்கள். ஆனால் பெருமழை பெய்தால் கிளீவ்லாந்தின் பழைய சாக்கடைகள் நிரம்பி ஆற்றிலும் ஏரியிலும் வழிவது நிற்கவில்லை. அதைத் தடுக்க 2011-ல் கழிவுநீர் வாரியம் மத்திய அரசோடு நீதிமன்றத்தின் மூலம் ஓர் உடன்பாடு செய்துகொண்டது. 300 கோடி டாலர் செலவில், நகரத்துக்கு அடியில் பிரம்மாண்டமான சுரங்கங்களைத் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். கெடு 25 வருடம்.